சேந்தனை விட்டுவிட்டுப் போனவர்கள்

சேந்தனை எல்லோருமே விட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தர் இரண்டு பேர் என்றால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். விளையாடிப் பார்க்க வந்த அத்தனை பேரும், சொல்லி வைத்தாற்போல, பாழடைந்த அந்த விண்நிலையத்தில் அவனைத்தான் இறக்கிவிட்டுக் கப்பலைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தன் இறக்கிவிடும்போது விசில் வேறு அடித்தான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெரூஷாவுக்கு அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்று வந்தது.

குரோம்பேட்டை பக்கத்து அஸ்தினாபுரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவர்களுடைய கேம் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கதையும் வசனமும் எழுத ஜெரூஷா, படம் போட ஃபரா, மற்றதெல்லாம் பார்க்க எபி, இன்னும் இரண்டு பையன்கள், ஓயாமல் மக்கர் செய்யும் ஓர் ஏசி. கேமின் பெயர் ‘தூரக்கலம்’. விளையாடுகிறவர்தான் கப்பலின் இளம் கேப்டன். கூடவே தோழர்கள் வருவார்கள். தேனாகப் பேசும் டாக்டர் இளவெயினி, பாட்டுப் பாடும் ரோபோ பொம்மி, என்ஜின் அறையை விட்டு வெளியே வராத சேந்தன் என்று ஆளுக்கு ஒரு குணம். பாதி வழியில் காற்று செய்யும் இயந்திரம் பழுதாகிவிடும். யாராவது ஒருவரை நிலையத்தில் விட்டுவிட்டுப் போனால்தான் மற்றவர்கள் பிழைக்கலாம். யாரை என்பது ஆடுகிறவர் பாடு.

எல்லோரும் ஒரே ஆளை விட்டால் அது பிறகு என்ன தேர்வு, என்று எபி கேட்டான். கேட்டதில் தப்பில்லை. சனிக்கிழமை வெளி ஆட்களை வைத்து இன்னொரு சோதனை வைக்கப்போவதாகவும், அதிலும் ஒருத்தர்கூட சேந்தனைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை என்றால் அவனைக் கேமிலிருந்தே தூக்கிவிடப்போவதாகவும் சொல்லிவிட்டான்.

சேந்தன் வாயைத் திறந்தால்தானே யாருக்காவது பிடிக்கும். அவனுக்கு இருப்பதே கொஞ்சம் வசனம். அடிபட்டு வந்தால் “கையைக் காட்டு” என்பான். நன்றி சொன்னால் “வேலை இருக்கு” என்று திரும்பிக்கொள்வான். வசனத்தைக் கூட்டலாம் என்றால் குரல் கொடுத்தவர் பேசி முடித்துவிட்டுப் போய்விட்டார், திரும்பக் கூப்பிட வழியில்லை. காட்சிகளையும் தொட முடியாது. தொட முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கப்பலின் மூலைமுடுக்குகளில் பழைய திரைகள் இருக்கும், அவற்றைத் தட்டினால் கோப்புகள் திறக்கும். தோழர்களின் பழைய கதை அதில் எழுத்தாக வரும். படித்தாலும் படிக்கலாம், படிக்காமல் கடந்தாலும் கேம் நிற்காது. முக்கால்வாசிப் பேர் கடந்துதான் போவார்கள்.

ஜெரூஷா அன்றைக்கே உட்கார்ந்து சேந்தனுக்குக் கோப்பு எழுதினாள். சின்ன வயதில் அநாதை, சுரங்கத்தில் அடிமை, இருட்டில் கிடந்தான், ஒரு நாள் ஒரு கை வந்து தூக்கியது, இன்று இந்தக் கப்பலில் நிற்கிறான். எழுதி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. எபி படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். அவனும் அவளும் ஒரே சர்ச், ஒரே ஞாயிறு பள்ளி. அந்தச் சிரிப்பு இன்னொரு சர்ச் பிள்ளைக்குத்தான் வரும்.

“ஜெரூ, இது ஃபைல் இல்ல. சாட்சி. கடைசில ‘ஆமென்’ மட்டும்தான் பாக்கி.”

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மையில் அப்படித்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த வாழ்க்கைக் கதைகள் எல்லாமே சாட்சிகள். எழுந்து நின்று, பட்ட பாட்டைச் சொல்லி, விடுதலை கிடைத்ததைச் சொல்லி, நன்றி சொல்லி உட்காருவார்கள். அதைத் தவிர ஒரு மனுஷனின் பழைய கதையைச் சொல்ல வேறு வழி உண்டு என்பதே அவள் கைக்கு வரவில்லை. பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தாள். டாக்டருக்கும் அப்படியே எழுதியிருந்தாள். ரோபோவுக்கும்கூட. கண்றாவி, ரோபோ எதிலிருந்து விடுதலையாக வேண்டும்?

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேலையூர் வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். காலையில் பஸ் ஏறினால் இறங்குமிடம் தாண்டிப் போய், குரோம்பேட்டையிலிருந்து திட்டிக்கொண்டே திரும்பி நடப்பாள். ஒரு கற்பனை ஆளுக்காக இப்படித் தவிப்பதா என்று ஃபரா கேலி செய்தாள். கற்பனை ஆள் என்றால் ஜெரூஷா ஏன் தவிக்கப் போகிறாள்? சேந்தன் அவளுடைய அண்ணன். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் பெயர் டெனிஸ். அப்பா தனசிங் கணக்கு வாத்தியாராக இருந்தபோது ஒரு நாள் வகுப்பிலேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கை சுத்தமாகப் போய்விட்டது. டெனிஸுக்கு அப்போதுதான் ஷார்ஜாவில் வேலை கிடைத்து, விசா வந்து, பெட்டிகூட வாங்கியிருந்தான். போகவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டினான், சவரம் செய்துவிட்டான், அந்தச் செத்த கையை மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாக மடக்கி நீட்டினான். மாதக்கணக்கில் அதுதான் வேலை. ஜெரூஷா அப்போது கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் அந்தக் கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அழுத்தச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்ப்பாள்.

கை வந்துவிட்டது. அப்பா மறுபடி கையெழுத்துப் போட்ட நாளை வைத்து ஒவ்வொரு வருடமும் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் நடக்கும். கேசரி, மிக்சர், டீ. அப்பா எழுந்து சாட்சி சொல்வார். கர்த்தர் என் வலது கையைப் பிடித்துத் தூக்கினார் என்பார். டாக்டருக்கு நன்றி, சர்ச் ஐயருக்கு நன்றி, உபவாசம் இருந்த சபையாருக்கு நன்றி, மனைவி யூனிஸுக்கு நன்றி, ஹாஸ்டலில் பட்டினி கிடந்து ஜெபித்த மகளுக்கும் நன்றி. டெனிஸ் அங்கேயேதான் டீ கொடுத்துக்கொண்டிருப்பான். அவன் பெயர் மட்டும் வராது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று சொன்னால் அது பாவம். பெற்ற பிள்ளை செய்ததை நாலு பேர் முன்னால் சொல்வதாவது என்று இருந்திருப்பார். ஒரு வருடம் சாட்சி முடிந்ததும் டெனிஸ் தட்டைக் கீழே வைத்தான், செருப்பை மாட்டினான், போய்விட்டான். சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. கோவிலம்பாக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். அவன் சுபாவமே அப்படி, யாரோடும் ஒட்டமாட்டான் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். ஜெரூஷாவும் சொன்னாள். பக்கத்தில் இருக்கும் கோவிலம்பாக்கத்துக்கு அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

வியாழக்கிழமை அவள் சேந்தனின் கோப்பை முழுசாக அழித்தாள். இந்தத் தடவை கதை சொல்லவில்லை. அடிமை, இருட்டு, விடுதலை எல்லாம் போயே போனது. கப்பலின் வெவ்வேறு இடங்களில் சின்னச் சின்னதாக வைத்தாள். மருத்துவ அறைத் திரையில், ஆடுகிறவருக்கு முன்னால் அந்தக் கப்பலை ஓட்டிய பழைய கேப்டனின் நோய்க்குறிப்பு. உறைகுளிரில் வலது கை செயலிழந்தது, தினமும் அசைவுப் பயிற்சி, செய்பவர் என்ஜின் பிரிவு. என்ஜின் அறைத் திரையில் ஓர் இடமாற்ற உத்தரவு. சேந்தன் வேறு கப்பலுக்குப் போகலாம், பெரிய கப்பல், நல்ல வேலை. கீழே, ‘ஆள் வரவில்லை. கப்பல் புறப்பட்டது.’ பண்டகசாலைக் கணக்கில், என்ஜின் பிரிவு கேட்டதன் பேரில் ஒரு பச்சை ரப்பர் பந்து. கடைசியாக, கேப்டன் அறையில் பழைய கேப்டனின் விடைபெறும் உரை. கை பிழைத்த அதிசயத்துக்காக அவர் எல்லோருக்கும் நன்றி சொல்கிறார். சேந்தன் பெயர் அதில் இல்லை. இல்லை என்று எங்கேயும் அவள் எழுதவுமில்லை. நான்கையும் தேடிப் படித்தவர் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

ஃபராவை உட்கார வைத்து ஆடச் சொன்னாள். ஃபரா அந்தக் காட்சிகளை எத்தனையோ தடவை பார்த்தவள், கொட்டாவி விட்டுக்கொண்டே ஆடினாள். மருத்துவ அறைத் திரையைத் திறந்தாள், மூடினாள். என்ஜின் அறையில் கொஞ்சம் நின்றாள். கேப்டன் உரையைப் படித்துவிட்டு, மறுபடி மருத்துவ அறைக்கு ஓடினாள். அதற்குப் பிறகு ஒரு சண்டையில் அடிபட்டு வந்தபோது சேந்தன் வழக்கம்போல “கையைக் காட்டு” என்றான். டிக்கெட் பரிசோதகர் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று ஃபராவே முன்பு திட்டிய அதே வசனம், அதே குரல். அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். இத்தனை நாளாக அவன் என்ன கேட்டுக்கொண்டிருந்தான் என்று இப்போதுதான் புரிகிறது, நீயே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் ஸ்கிப் அடித்துவிட்டுப் போயிருப்பேன், என்றாள்.

ஜெரூஷாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி சனிக்கிழமை மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை.

விளையாட வர வேண்டியவர்களில் ஒருத்தன் கடைசி நேரத்தில் வரவில்லை என்றுவிட்டான். எபி தன் சாமர்த்தியத்தில் தானே மகிழ்ந்துபோய் வந்து சொன்னான்.

“நம்ம டெனிஸ் அண்ணாவ வரச் சொல்லிட்டேன். ஏசியும் பார்த்த மாதிரி ஆச்சு. கேமே ஆடாதவரு, நமக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்.”

ஜெரூஷா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஒரு மனுஷன் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லாத ஒன்றை, அவனைக் கேட்காமல், காசு கொடுத்து வாங்குகிறவன் எவனும் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறாள். அதை அவனே வந்து படிக்கப் போகிறான். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் அந்த நான்கு கோப்புகளையும் மறைத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. அந்த மேசைக்குப் போய் மவுஸில் கை வைத்தாள். எடுத்தாள். தண்ணீர் குடிக்கப் போனாள், குடிக்காமல் திரும்பி வந்தாள். அவன் படித்துவிடக் கூடாதே என்றும் இருந்தது, படித்துத் தொலைக்கட்டுமே என்றும் இருந்தது. அதற்குள் படியில் அவன் குரல் கேட்டது. ஏசி எந்தப் பக்கம் என்று ஃபராவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆள் இளைத்திருந்தான். அவளைப் பார்த்து, “என்ன பாப்பா, நல்லாருக்கியா” என்றான். நல்லாயிருக்கேன் அண்ணா என்றாள். ஃபரா அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தாள்.

மற்றவர்கள் சுட்டுத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். டெனிஸ் நடந்தான். ஏசிக்கு வரும் விளக்கப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள் அவன். கப்பலில் ஒரு திரை விடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்து, மூடி, அடுத்ததற்குப் போனான். ஜெரூஷா சுவரோரம் நின்று நகத்தைக் கடித்தாள். மருத்துவ அறைத் திரையில் அவன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். கேப்டனின் உரைக்கு வந்தபோது முணுமுணுப்பு நின்றுவிட்டது. அவள் பால்கனிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்திலிருந்து வந்த வண்டிச் சத்தமெல்லாம் தலைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது.

எபி வந்து அவள் தோளைத் தட்டினான். கோப்பைத் திறந்து பார்த்த இரண்டு பேர் சேந்தனைக் கூடவே வைத்துக்கொண்டு டாக்டரை இறக்கிவிட்டார்களாம். ஒரு பெண் பொம்மியை இறக்கிவிட்டு அழுதுகொண்டிருக்கிறாளாம். சேந்தன் தப்பித்தான், இனி அவனை யாரும் தூக்க மாட்டார்கள் என்றான். வாரம் முழுக்க எதற்காகத் தவித்தாளோ அது நடந்துவிட்டது. அவளுக்கு அது காதில் ஏறவே இல்லை. டெனிஸின் திரையில் அந்த விண்நிலையம் வந்திருந்தது. யாரை விட்டுவிட்டுப் போகப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

டெனிஸ் சேந்தனைத் தேர்ந்தெடுத்தான். யோசிக்கக்கூட இல்லை.

கதவு மூடி, கப்பல் நகர்ந்தது. அந்த இடத்தோடு சோதனை முடிந்தது, எழுந்திருக்கலாம் என்று எபி சொன்னான். இரு எபி, என்றுவிட்டு டெனிஸ் ஆடிக்கொண்டேயிருந்தான். டாக்டரிடம் போனான், அவள் காற்றின் அளவைப் பற்றித் தேனாகப் பேசினாள். பொம்மியிடம் போனான், அது பாடியது. மற்றத் தோழர்களான வழிகாட்டியிடம், சிப்பாயிடம், சமையலறையில், கேப்டன் அறையில், ஒருத்தரையும் விடவில்லை. மறுபடி டாக்டரிடம் வந்தான். மற்றவர்களெல்லாம் மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், அவன் கப்பலில் நடந்துகொண்டேயிருந்தான். கடைசியில் என்ஜின் அறைக்குப் போய், ஆளில்லாத அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினான்.

எபி குறிப்பெடுக்கிற தோரணையில் கேட்டான், எல்லா ஃபைலும் படித்தீர்களே, அப்புறமும் ஏன் அவரை விட்டீர்கள் என்று.

“கூடவே இருந்தா அவன் யாரு கண்ணுக்கும் தெரியமாட்டான் எபி. போயிட்டான்னா யாராவது கேப்பாங்களான்னு பார்த்தேன்.” கன்ட்ரோலரை மேசையில் ஓரமாக வைத்தான். “யாரும் கேக்கல.”

எபி ஜெரூஷாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். சேந்தன் செய்ததையெல்லாம் தேடித் தேடி எழுதியவளுக்கு, அவன் போன பிறகு அவனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எழுதவில்லை. யாரை விட்டாலும் கப்பலில் அடுத்த நிமிஷம் அடுத்த பேச்சு. வெட்கமாக இருந்தது. காற்று செய்யும் இயந்திரத்தின் பழுதைப் பற்றி அவ்வளவு வசனம் எழுதியிருந்தாள்.

டெனிஸ் ஏசியின் மூடியைக் கழற்றிப் பார்த்து, கேஸ் குறைந்திருக்கிறது, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவள் பையைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினாள். டயர் கடை வாசலில் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, உன்னக் கேக்காம எழுதிட்டேன்.”

அவன் ஹெல்மெட்டைத் துடைத்தான்.

“பந்து அப்புறம்தான் பாப்பா. மொதல்ல சாக்ஸைச் சுருட்டிக் குடுத்தேன். பந்து வழுக்கிட்டே போவும், அப்பாவுக்குக் கோவம் வந்துரும்.” கொஞ்சம் நின்று, “மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதிருக்க,” என்றான்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, அம்மா. இன்றைக்குத்தானே ஸ்தோத்திர ஜெபம், அவள் மறந்தே போயிருந்தாள். ஜனங்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது, அப்பா எழுந்து நிற்கிறார், மிக்சர் வேறு பற்றாது போலிருக்கிறது, எங்கேடி இருக்கிறாய் என்று அம்மா மூச்சுவிடாமல் கேட்டாள். வீட்டுக்குப் போனதும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஜெரூஷா நினைத்தாள். நினைத்தது அதுதான், வாயில் வந்தது வேறு.

“நான் வரல மா. டெனி அண்ணா வூட்டுக்குப் போறேன். அப்பா கை தானா வரல, அண்ணாதான் கொண்டாந்தான். இந்த வாட்டி சாட்சில அவன் பேரச் சொல்லச் சொல்லு. சொல்லலன்னா இனிமே அந்த ஜெபத்துல நான் வந்து உக்கார மாட்டேன்.”

டெனிஸ் கையிலிருந்த ஹெல்மெட் அப்படியே நின்றது. மறுமுனையில் அம்மாவின் வளையல்கூடக் கேட்கவில்லை.

“ஜெரூ,” என்றாள் அம்மா, குரல் இறங்கிப்போய். “கையெல்லாம் கேசரி நெய்யிடி. போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வச்சிருக்கேன்.”

ஹாலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் அதைக் கேட்டுவிட்டார்கள். அந்த ஹால் ஜெரூஷாவுக்குத் தெரியும். வாடகை நாற்காலிகள், நடுவில் அந்த மேசை, மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் அப்பா பேசுவார். ஐயர் முன்வரிசையில் இருப்பார். யாரோ இருமினார்கள். யாரோ சமாளிக்கிற மாதிரி ஒரு பாட்டை எடுத்தார்கள், இன்னொருத்தர் உஷ் என்று அடக்கினார். கட் செய்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். அப்பாவின் குரல் வந்தது.

“அவன் பக்கத்துல இருக்கானா?”

“இருக்கான்.”

“குடு.”

போனை நீட்டினாள். டெனிஸ் வாங்க மாட்டான் என்றுதான் நினைத்தாள். ஹெல்மெட்டை வண்டிமேல் வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். காதில் வைத்தான். அங்கே அப்பா தொண்டையைச் செருமுவது அவளுக்கும் கேட்டது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, போய்த் தேய்ந்தும் விட்டது. டெனிஸ் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை.